சோஃபக்ளீஸுக்கு 7, யூரிப்பிடீஸுக்கு மட்டும் எப்படி 19?

கேள்வி: பண்டைக் கிரேக்க நாடகாசிரியர்களில் சோஃபக்ளீஸ் 120க்கும் மேல் நாடகங்கள் எழுதினாராம், கிடைத்தவை 7. யூரிப்பிடீஸ் எழுதியது சுமார் 90, கிடைத்தவை 19. அவரை மக்கள் அதிகம் விரும்பியதுதான் காரணமா?

ஓரளவு அதுவும்தான். ஆனால் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

'மெடியா' போன்ற 10 நாடகங்கள், பாடத்துக்காகத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டதால் தப்பின. அதில் 'ரேசஸ்' அவர் எழுதியதே இல்லை என்று பலர் சொல்வதால், சிலர் 18 என்றுதான் எண்ணுவார்கள். மற்ற ஒன்பதின் கதைதான் வேடிக்கை. 'எலக்ட்ரா', 'இயோன்', இரண்டு 'இஃபிஜினியா' என்று அவற்றின் கிரேக்கத் தலைப்புகளைப் பாருங்கள்: எல்லாமே கிரேக்க அகரவரிசையில் எப்சிலான் (எ) எழுத்திலிருந்து கப்பா (க) எழுத்துக்குள் அடங்கிவிடும். ('ஹெலன்' எப்படி என்கிறீர்களா? கிரேக்க எழுத்தில் அது 'எ'.) அதாவது, அகரவரிசையில் தொகுத்த முழுப் பதிப்பு ஒன்றின் ஒரு துண்டு எப்படியோ பிழைத்திருக்கிறது. இன்று ஃபிளாரன்ஸ் நூலகத்தில் உள்ள 14ஆம் நூற்றாண்டுச் சுவடி அதன் வழி வந்தது. யாரும் பொறுக்கி எடுக்காததால்தான் 'சைக்ளோப்ஸ்' நம்மிடம் இருக்கிறது. முழுதாகக் கிடைத்த ஒரே சட்டைர் நாடகம் (சோக நாடகங்களுக்குப் பின் நடிக்கப்பட்ட கேலி நாடகம்) அது. எனக்கு இந்த ஒன்பதுதான் மதிப்பு கூடியவை: வடிகட்டாத யூரிப்பிடீஸ்.

தொலைந்தவற்றில் 'ஆண்ட்ரொமெடா', 'டெலிஃபஸ்' இரண்டையும் அரிஸ்டோஃபனீஸ் தன் நகைச்சுவை நாடகங்களில் கிண்டலடித்ததால் கொஞ்சம் தெரியும். அப்புறம் எகிப்தின் பாப்பிரஸ்கள், அதாவது நாணல் தாளில் எழுதிய பழைய பிரதிகள். 'ஹிப்சிபிலி' பெரும் துண்டுகளாக ஆக்சிரிங்கஸ் என்ற பழைய எகிப்திய ஊரில் கிடைத்து 1908இல் வெளியானது. 2022இல் ஃபிலடெல்ஃபியா என்ற பழைய எகிப்திய ஊரில் (அமெரிக்க நகரம் அல்ல) ஒரு கல்லறைப் பகுதியில் கிடைத்த பாப்பிரஸில் 'இனோ', 'பாலியிடஸ்' நாடகங்களின் ஏறக்குறைய 100 வரிகள் இருந்தன. பெரும்பாலானவை அதுவரை யாரும் அறியாதவை.