பெல்ட் இல்லாத ராட்டினங்கள்: ஐரோப்பியச் சந்தைகளில் எதில் ஏறலாம், எப்படி உட்காரலாம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். செப்டம்பர் கடைசியில் மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட், பிறகு வியன்னா, அக்டோபர் முதல் வாரம் நாட்டிங்ஹாமில் உறவினர் வீடு. மகனுக்கு 15 வயது, மகளுக்கு 12. இங்குள்ள ரோலர் கோஸ்டர்களில் எல்லாம் ஏறிவிட்டார்கள். அமெரிக்காவில் கிடைக்காத ராட்டினங்கள் அங்கே என்னென்ன? சிலவற்றில் பெல்ட்டே கிடையாதாமே, பிள்ளைகளை ஏற்றலாமா? மனைவிக்குச் சீக்கிரம் தலை சுற்றும்.

பதில்: இன்னும் உயரம், இன்னும் வேகம் என்று தேடிப் போகாதீர்கள். அந்தப் போட்டியில் அமெரிக்கப் பூங்காக்களே முன்னால் நிற்கின்றன. ஐரோப்பியச் சந்தை ராட்டினங்களின் சிறப்பு வேறு. அவற்றில் பலவற்றில் இயந்திரம் செய்வது பாதி வேலைதான். மீதியை ஏறுகிறவரின் உடலும் இயக்குகிறவரின் கையும் செய்கின்றன. அதனால் அங்கே எப்படி உட்காருவது, எதைப் பிடிப்பது, எப்போது விட்டுவிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஏறுகிறவர்களுக்குத்தான் மணிக்கட்டு பிசகுகிறது.

மியூனிக்கில் முதலில் டொய்ஃபல்ஸ்ராட். 1910 முதல் அக்டோபர்ஃபெஸ்ட்டில் இருக்கிறது. தரையோடு தரையாக வழவழப்பான பெரிய மரத்தட்டு ஒன்று. சுற்றிலும் மெத்தை வைத்த தடுப்பு. அதற்கு மேல் பார்வையாளர் வரிசை. அறிவிப்பாளர் சிறுவர், பெண்கள், பெரியவர் என்று குழு குழுவாக அழைப்பார். அழைக்கப்பட்டவர்கள் ஓடிப்போய்த் தட்டில் உட்கார்ந்ததும் அது சுழலத் தொடங்கும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் வென்றவர். ஒருமுறை சீட்டு வாங்கினால் விரும்பும்வரை உள்ளே இருக்கலாம். ஏறாமல் வெறுமனே வேடிக்கை பார்க்கவும் செய்யலாம். உங்கள் மனைவிக்கு இதைவிட நல்ல இடம் அங்கே இல்லை.

தட்டில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே. வெளியே தள்ளும் விசை மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்பக் கூடும். சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். உராய்வுக் கெழுவை 0.5 என்று வைத்துக் கணக்கிட்டால், மையத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் இருப்பவர் நிமிடத்துக்கு 17 சுற்றிலேயே வழுக்கிவிடுவார். அரை மீட்டரில் இருப்பவர் ஏறக்குறைய 30 சுற்றுவரை தாங்குவார். அழைத்தவுடன் நடு இடத்துக்கு ஓடுவதுதான் பாதி வெற்றி. இரண்டு மூன்று பேர் நடுவில் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து, முழங்கைகளைக் கோத்துக்கொண்டால் இன்னும் நேரம் கிடைக்கும். அதன்பிறகு ஊழியர்கள் மேலே தொங்கும் மெத்தைப் பந்தை வீசியும் கயிற்றுச் சுருக்கு எறிந்தும் நடுவில் இருப்பவர்களை இழுத்துவிடுவார்கள். அது விளையாட்டின் பகுதி, சண்டை போட வேண்டாம்.

நைலான் கால்சட்டை வழுக்கும். ஜீன்ஸ் நன்றாகப் பிடிக்கும். அரைக்கால் சட்டை போட்டால் தொடையில் சிராய்ப்பு நிச்சயம். வழுக்க ஆரம்பித்த பிறகு உள்ளங்கையை ஊன்றி நிறுத்தப் பார்ப்பதுதான் பெரிய தவறு. உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் விழும். கைகளையும் முழங்காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு சறுக்கிப் போய்விட வேண்டும். தடுப்பில் மோதியவுடன் தட்டின் ஓரத்தை விட்டு எழுந்து விலகுங்கள், அடுத்து வருபவரின் முழங்கால் உங்கள் முகத்துக்கு வரும். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பே பார்வையாளர் வரிசையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மோதிரம் எங்காவது மாட்டிக்கொண்டால் விரலின் தோலையே உரித்துவிடும்.

டொபோகன் இன்னொரு மியூனிக் வழக்கம். கோபுரத்தைச் சுற்றி இறங்கும் சறுக்குப் பாதை. பாயின் மேல் உட்கார்ந்து இறங்குவது எளிது. மேலே போவதுதான் பாடு. முதல் கட்டம் செங்குத்தாகச் சரிந்த, வேகமாக ஓடும் கன்வேயர் பட்டை. பக்கத்துக் கைப்பிடி நகராது, கால் மட்டும் நகரும். கைப்பிடியை இறுகப் பிடித்தால் கால் முன்னே போய் உடல் பின்னால் சாயும். அங்கே மல்லாந்து விழுகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். முழங்காலைச் சற்று மடக்கி, உடலை முன்னால் சாய்த்து, ஊழியர் நீட்டும் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். உட்கார்ந்தபடி போக நினைத்தாலும் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுங்கள், நடுவழியில் முடிவை மாற்ற முடியாது.

கோஸ்டர் பிரியர்களான பிள்ளைகளுக்கு அங்கே ஒரே ஒரு கோஸ்டரைச் சொல்வதென்றால் ஒலிம்பியா லூப்பிங். 1989இல் அக்டோபர்ஃபெஸ்ட்டில் அறிமுகமானது, ஒலிம்பிக் வளையங்களின் நிறத்தில் ஐந்து செங்குத்து வளையங்கள், உயரம் 32.5 மீட்டர், அதிகபட்சம் 5.2 ஜி, அதாவது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல், அழுத்தம். கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் 1976இல் திறந்த ரெவல்யூஷன் கோஸ்டரின் வளையத்தை உருவாக்கிய ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃபும் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலும்தான் இதற்கும் காரணர்கள். இவ்வளவு பெரிய கோஸ்டரை அக்கு அக்காகக் கழற்றி லாரிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள் என்பதே எனக்குத் தீராத வியப்பு. தோளை அழுத்தும் கவசம் இதில் கிடையாது, மடிக்கம்பி மட்டும்தான். தலை இருபுறமும் இடிபடாது. ஆனால் வளையத்தின் அடியில் தலையைக் குனிந்திருந்தால் கழுத்து தாங்காது. தலையைப் பின்னால் சாய்த்து, பார்வையை நேரே வைக்கச் சொல்லுங்கள். கண் இருண்டு வருவதுபோல் இருந்தால் வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடித்தால் தெளியும். இது எல்லா ஆண்டும் ஒரே ஊரில் நிற்பதில்லை. அந்த ஆண்டின் ராட்டினப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விழா மைதானத்துக்குள் 3 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பைகளை விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகள் குடும்ப நாள், கட்டணம் குறையும். பகலிலேயே போய்விடுங்கள். மாலையில் குடித்துவிட்டு ஏறுகிறவர்கள் கூடுவார்கள். பெல்ட் இல்லாத ராட்டினத்தில் பக்கத்தில் இருப்பவரின் நிதானமும் உங்கள் பாதுகாப்பில் சேர்த்திதான்.

வியன்னாவின் பிராட்டர் நிரந்தரப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. அங்கே டகடா இருந்தால் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லூனா பார்க் எனப்படும் இத்தாலியக் கேளிக்கைப் பூங்காக்களில் பிறந்து வளர்ந்தது இது. வட்டமான பெரிய கிண்ணம். உள்விளிம்பில் ஒரே நீள இருக்கை. முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி. பெல்ட், மடிக்கம்பி எதுவும் இல்லை. கிண்ணம் சுழலும்போதே அடியிலுள்ள காற்றழுத்த உருளைகள் அதைத் தூக்கித் தூக்கிப் போடும். எப்போது, எவ்வளவு என்பதை இயக்குபவர் ஆட்களைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆகவே டகடாவின் தரம் என்பது இயக்குபவரின் தரம். ஒரு சுற்று முழுவதும் அவரைக் கவனியுங்கள். யாராவது நடுவில் விழுந்தால் உடனே குதியலை நிறுத்தி அவர் எழும்வரை காத்திருக்கிறாரா? சிறியவர்கள் ஏறினால் வேகத்தைக் குறைக்கிறாரா? இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

ஏறினால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துப் பின்கம்பியைப் பிடியுங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும். விறைப்பாக நீட்டினால் ஒவ்வொரு குதியும் தோள்மூட்டில் இறங்கும். பாதங்களை அகட்டி முன்னால் ஊன்றுங்கள், பற்களைச் சேர்த்து வையுங்கள், பேசாதீர்கள். நாக்கைக் கடித்துக்கொள்வது இதில் சர்வசாதாரணம். நடுவில் எழுந்து நின்று வித்தை காட்டும் உள்ளூர் இளைஞர்களைப் பார்த்து உங்கள் மகன் எழுந்துவிடக் கூடாது. 12 வயது மகளை இதில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. உயர அளவுகோல் அனுமதித்தாலும், குதியின்போது உடலை இருக்கையில் இருத்திவைக்கும் கைப்பலம் அந்த வயதில் பலருக்குப் போதாது. முதுகுவலி, எலும்புத் தேய்மானம், கர்ப்பம் இருந்தால் பெரியவர்களும் தவிர்க்க வேண்டும்.

நாட்டிங்ஹாமின் கூஸ் ஃபேர் என்ற சந்தை செப்டம்பர் இறுதியை ஒட்டித் தொடங்கி அக்டோபர் முதல் நாட்கள் வரை நடக்கும், உங்கள் பயணத்தோடு பொருந்துகிறது. அங்கே தேட வேண்டியது வால்ட்சர். அமெரிக்காவின் டில்ட்-எ-வேர்ல் பார்த்திருப்பீர்கள், 1926இல் மினசோட்டாவின் ஹெர்பர்ட் செல்னர் உருவாக்கியது. மேடுபள்ளமான தடத்தில் ஓடும், தன்னிச்சையாகத் திரும்பும் தொட்டிகள் என்பது இரண்டுக்கும் பொது. வால்ட்சரில் மேடையின் மேலேயே ஊழியர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். தொட்டியின் முதுகைப் பிடித்துக் கையால் சுழற்றிவிடுவார்கள். கத்துகிற தொட்டிக்குத்தான் அதிகச் சுழற்சி கிடைக்கும். வேண்டாம் என்றால் ஏறும்போதே சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். மூன்று பெரியவர்கள் ஏறிய தொட்டி கனத்தினால் சுழற்சியை நெடுநேரம் விடாது. மெதுவாகப் போக நினைப்பவர்கள் இரண்டு பேராக ஏறுவது நல்லது.

பல சந்தைகளில் நீங்கள் காணும் பிரேக் டான்ஸ், பிரெமன் நகரின் ஹுஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்தது. பெரிய தட்டு, அதன் மேல் எதிர்த்திசையில் சுழலும் நான்கு சிலுவைகள், ஒவ்வொன்றிலும் தானாகத் திரும்பும் நான்கு இருக்கை வண்டிகள். மூன்று சுழற்சி ஒன்றன்மேல் ஒன்று. உங்கள் மனைவி இதிலும் வால்ட்சரிலும் ஏறாமல் இருப்பதே நல்லது. ஏறியே ஆக வேண்டுமென்றால் தலையை இருக்கையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, எக்காரணம் கொண்டும் சாய்க்கவோ திருப்பவோ கூடாது. உடல் ஒரு அச்சில் சுழலும்போது தலை இன்னொரு அச்சில் அசைந்தால் உள்காதின் அரைவட்டக் குழாய்கள் பொய்யான செய்தியை அனுப்பும். குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. குமட்டலைத் தடுக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரை எடுப்பதானால் அரை மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். அது தூக்கத்தைத் தரும், மதுவோடு சேரவே கூடாது. வேறு மருந்துகள் சாப்பிடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவையெல்லாம் அமெரிக்காவில் ஏன் அரிது? டொய்ஃபல்ஸ்ராட் போன்ற சுழல்தட்டு ஒருகாலத்தில் அங்கும் இருந்தது. நியூயார்க்கின் கோனி தீவில், 1964இல் மூடப்பட்ட ஸ்டீபிள்சேஸ் பூங்காவில் மக்கள் வழுக்கி விளையாடினார்கள். விழுந்தவர் வழக்குப் போடுவார் என்ற அச்சமும் காப்பீட்டுச் செலவும் அந்த வகையையே துடைத்துவிட்டன. ஊர் ஊராகப் போகும் அமெரிக்க ராட்டினக்காரர்கள் வாரத்துக்கு ஒரு இடம் மாறுகிறார்கள். குறைந்த டிரெய்லர்களில் மடங்கும் ராட்டினமே அவர்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கும் ஜெர்மன் விழாக்களில்தான் பல நாள் செலவழித்துப் பொருத்தி நிறுத்தும் பெரிய ராட்டினம் காசு பார்க்கும். மின்சாரமும் ஒரு தடை. ஐரோப்பிய மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் அப்படியே மாட்டினால் 20 சதவீதம் வேகமாகச் சுழலும். வெளித்தள்ளும் விசை வேகத்தின் வர்க்கம் என்பதால் அது 44 சதவீதம் கூடிவிடும். அதிர்வெண் மாற்றி இல்லாத பழைய ராட்டினங்களை அப்படியே கொண்டுபோய் ஓட்ட முடியாது.

பெல்ட் இல்லை என்பதற்காகச் சோதனை இல்லை என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் ராட்டினங்களுக்கு இஎன் 13814 என்ற தரம் இருக்கிறது. ஜெர்மனியில் ஊர் ஊராகப் போகும் பெரிய ராட்டினங்களுக்குச் சோதனைப் புத்தகம் உண்டு, அது இல்லாமல் எந்த ஊரிலும் அவற்றைப் பொருத்தி ஓட்ட முடியாது. பிரிட்டனில் அடிப்ஸ் என்ற திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது. சந்தேகம் வந்தால் நடத்துபவரிடம் அந்தச் சான்றைக் கேட்கலாம்.

காகிதம் சொல்லாததை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வால்ட்சர், பிரேக் டான்ஸ் இரண்டிலும் ஒரே கம்பி எல்லார் மடியையும் மூடும். அது பருத்தவரின் தொடையில் தட்டி நின்றுவிடும், பக்கத்தில் இருக்கும் மெல்லிய பிள்ளைக்கு ஒரு சாண் இடைவெளி விழும். அதனால் உங்களுக்கும் மனைவிக்கும் நடுவில் மகளை உட்கார வைக்காதீர்கள். அண்ணனும் தங்கையும் ஒரு தொட்டியில், நீங்கள் வேறு தொட்டியில். கம்பியைப் பூட்டிய பிறகு மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ராட்டினம் கிளம்புவதற்கு முன்பே கையை உயர்த்தி ஊழியரைக் கூப்பிடுங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்தாலும், ஆட்டம் நிற்கவில்லையென்றால் இறங்கிவிடுங்கள்.