கலப்பினத்தவரைப் பற்றி மக்கள் பொதுவாகத் தவறாக நினைப்பவை எவை?

கேள்வியில் 'கலப்பினத்தவர்' என்று போட்டிருக்கிறீர்கள். கோபமில்லை, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கூடுதலாகப் பால் கறக்கும் மாடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. டடி பறங்கியர், அதாவது அந்தக் காலத்தில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் வழி வந்தவர். அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சித் தமிழர். நான் பிறந்தது, வளர்ந்தது, இன்றுவரை இருப்பது எல்லாம் கொழும்பில், வெள்ளவத்தையில். அம்மாவோடு தமிழ், டடியோடு ஆங்கிலம், ரோட்டில் இறங்கினால் சிங்களம். படித்தது தமிழ் மொழிமூலம். ஆகவே ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, என் தலையில் விழுந்ததைச் சொல்கிறேன்.

மாடு என்று தொடங்கியதால் அதிலிருந்தே வருவோம். 'கலப்புப் பிள்ளைகள் நல்ல வடிவு, கெட்டிக்காரர், நோய்நொடி அண்டாது.' இதை என்னிடம் சொல்லாத சொந்தக்காரர் குறைவு. சோளத்தில் அப்படி நடக்கும், உண்மைதான். பல தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெருக்கி வைத்த இரண்டு வகையை ஒட்டும்போது விளைச்சல் கூடும். மனிதரை யாரும் அப்படிப் பாத்தி கட்டிப் பிரித்து வளர்க்கவில்லையே. சொல்லப்போனால் ஓர் இடத்தில் எங்களுக்குக் கஷ்டம்தான் அதிகம்: என்பு மச்சை (எலும்பு மஜ்ஜை) மாற்று சிகிச்சை தேவைப்பட்டால் அப்பா வழியில் ஒரு தொகுதி, அம்மா வழியில் ஒரு தொகுதி என்று வரும் திசு அடையாளங்கள் இரண்டும் பொருந்துகிற வெளியாளைத் தேடிப் பிடிப்பது கலப்பு வம்சத்தவருக்கு இன்னும் கடினம். கூடப் பிறந்தவர் பொருந்துவதற்கே நாலில் ஒரு வாய்ப்புத்தான்.

அப்புறம் அந்த 'வடிவு' என்பது வெள்ளை நிறம் என்று எனக்குப் புரியக் கொஞ்சக் காலம் எடுத்தது. நான் டடியின் நிறம், தம்பி அம்மாவின் நிறம். அவனுக்கு ஒருவரும் அந்த வாழ்த்தைச் சொன்னதில்லை. தோல் நிறத்தைத் தீர்மானிப்பது பல மரபணுக்கள் சேர்ந்து. ஒரே தாய் தகப்பனிடமிருந்து ஆளுக்குப் பாதி வந்தாலும் அது அதே பாதி இல்லை. இதைத் தம்பிக்குப் பத்து வயதில் விளங்கப்படுத்த முடியவில்லை, 'நீ தத்தெடுத்த பிள்ளையோ' என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தான்.

அடுத்தது கணக்குப் பார்ப்பவர்கள். 'அப்ப நீங்கள் அரைவாசி வெள்ளைக்காரர்?' இதற்குச் சிரிப்பதா அழுவதா தெரியாது. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அவர்களிடமிருந்து கொழும்பைப் பிடித்தது 1656, ஆங்கிலேயர் ஒல்லாந்தரை அனுப்பியது 1796. ஒல்லாந்துக் கம்பனியில் சம்பளத்துக்கு வந்தவர்களில் ஜெர்மன்காரரும் நிறைய. வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கட்டியது இங்கே இருந்த பெண்களை. பறங்கியர் என்று கணக்கெடுப்பது தகப்பன் வழியில். 1908இல் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கம் குடும்ப மரங்களைக் கவனமாக அச்சிட்டு வைத்திருக்கிறது, அதிலும் பெயர் இறங்கி வருவது தகப்பன் வழியில்தான். ஆக என் டடியே எத்தனை பங்கு எது என்று யாராலும் சொல்ல முடியாத ஆள், அதில் என்னை எங்கே பாதியாக வெட்டுவது?

'கலப்பில்லாத தமிழர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அம்மாவின் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்து பாண் சாப்பிட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, போவார். முதல் மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், கந்தோர் ஒல்லாந்தரது. கக்கூசும் ஒல்லாந்தர் தந்ததுதான், மரியாதை கருதி அவரிடம் சொல்லவில்லை.

சரி, எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வரும் எண்ணம் வேறு. 'உங்களுக்கென்ன, இரண்டு பக்கமும் ஆள் இருக்கு, பயமில்லை.' 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது எனக்கு மூன்று வயது, ஒன்றும் ஞாபகமில்லை, வீட்டில் சொல்லித்தான் தெரியும். டடி கேற்றில் போய் நின்று தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அம்மம்மாவும் பின் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். பெயர் வேலை செய்தது, அன்றைக்கு. அம்மம்மா அடுத்த மாதமே ஊருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை.

பிறகு சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகள். ஓட்டோ நிற்கப்போகிறது என்று தெரிந்தால் அம்மா சேலைத் தலைப்பால் பொட்டை அழித்துவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் செய்த காரியம் அது. ஒருமுறை அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் போனோம். என்னைப் பார்த்துச் சாவடியில் நின்ற பையன் சிரித்தான், தம்பியை இறங்கச் சொன்னான். அடையாள அட்டையைக் கொடுத்தால் இரண்டு பேரிலும் ஒரே ஒல்லாந்துக் குடும்பப் பெயர். அட்டையைப் பார்க்கிறான், தம்பியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். 'இந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது' என்று சிங்களத்தில் கேட்டான். தம்பி 'தாத்தா' என்றான். சிங்களத்தில் அது தகப்பன், ஆனால் அவன் சொன்ன விதத்தில் தமிழ் வாடை அடித்திருக்க வேண்டும், இன்னும் இருபது நிமிடம் போனது. ஒரே ஓட்டோவுக்குள் மூன்று பேருக்கு மூன்று விதமான இலங்கை.

இதையெல்லாம் கேட்டபிறகும் சிலர் சொல்வார்கள், 'எல்லோரும் உங்கள் பெற்றோர் மாதிரிக் கலந்து கட்டினால் நாட்டில் பிரச்சினையே வராது'. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் முதலில் கேட்ட கேள்வி 'பறங்கிக்கு என்ன சாதி?' பதில் கிடைக்காததால் ஐந்து வருடம் பேச்சு இல்லை. டடியின் அம்மா சாகும்வரை என் அம்மாவின் பெயரைச் சரியாகச் சொன்னதே இல்லை, எங்களைத் தமிழில் கதைக்கவிட்டால் பல்லைக் கடிப்பார். இரண்டு கிழவிகளுக்கும் பொருந்திய ஒரே விஷயம், மற்றவர் வீட்டில் தண்ணீர் குடிக்காதது. கலந்து கட்டியவர்கள் நல்லிணக்கத்தைக் கொண்டுவரவில்லை, சண்டையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

பைலாப் பாட்டுக்கு ஆடுவோம், குடிப்போம், கட்டுப்பாடில்லாத ஆட்கள் என்ற கதைக்கு நான் மினக்கெடப் போவதில்லை. டடி ஞாயிற்றுக்கிழமை சேர்ச், மற்ற நாள் ஒன்பது மணிக்குப் படுக்கை. வாழையிலையில் சோறும் கறியும் பொதிந்து சுடும் லம்பிறைஸ் தினமும் சாப்பிடுவீர்களா என்றும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் தினமும் புட்டு. லம்பிறைஸ் வெளியே சொல்லி வாங்குவது. நத்தாருக்கு மட்டும் புரூடர் என்கிற ஒல்லாந்துக் கேக்கும் எடம் சீஸும், அதற்குப் பக்கத்தில் அம்மா சுட்ட பயற்றம் பணியாரமும் இருக்கும்.

சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது தெரிந்திருக்கும். அப்போது அங்கே வெள்ளையரல்லாதாரைத் தடுக்கும் கொள்கை, ஐரோப்பிய வம்சம் என்று காட்ட வேண்டியிருந்தது. டடியின் அக்கா போனார், டடி போகவில்லை. ஏன் என்று கேட்டால் 'போயிருந்தால் நீ எங்கே' என்பார், வேறு பதில் வாங்கியதில்லை.

கடைசியாக, படிவத்தில் இனத்தைக் குறிக்கும் பெட்டி. அமெரிக்காவில் 2000 கணக்கெடுப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம், இங்கிலாந்தில் 2001இல் கலப்பு என்றே தனிப் பிரிவு வந்தது. எங்களுக்கு ஒன்றுதான். 2012இல் குடிசனக் கணக்கெடுப்புக்கு வந்த பையன் 'அக்கா, இனம்?' என்றார். இரண்டும் என்றேன். 'இரண்டு போட இடமில்லை அக்கா, அப்பாவை வைத்துப் போடவா?' வெயிலில் வந்த பிள்ளை, சரி போடுங்கோ என்றேன். அன்று பின்னேரம் தெஹிவளையில் இருக்கும் என் தம்பிக்கு எடுத்துக் கேட்டால், அவனுடைய முகத்தைப் பார்த்த ஆள் கேட்காமலே தமிழ் என்று எழுதிவிட்டாராம். அந்த வருடம் நாடு முழுக்கப் பறங்கியர் 38 ஆயிரத்துச் சொச்சம் என்று வந்தது. அதில் நான் இருக்கிறேன், அவன் இல்லை.