ஆணுறை போட்டால் முன்தோல் இழுத்துப் பிடிக்கிறதா?

முன்தோலைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் ஆணுறை போட வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. உறவின் பாதியில் தோல் இழுத்துப் பிடிக்கிறது, உறை மெல்ல மேலேறுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. பின்னால் போன தோல் உறைக்குள் நகர இடமின்றி இறுகி நிற்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இப்படிச் செய்து பாருங்கள். தோலைப் பின்தள்ளி, உறையின் நுனியைக் கிள்ளிப் பிடித்தபடி பாதி வரை உருட்டி நிறுத்துங்கள். இப்போது உறையையும் தோலையும் சேர்த்து நுனிப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். அப்புறம் மீதியை அடிவரை உருட்டுங்கள். தோல் உள்ளேயே முன்னும் பின்னும் போய்வரும்.

போடும் முன் நுனிக்குள் ஒரே ஒரு சொட்டு நீர் சார்ந்த லூப்ரிகன்ட் (வழுக்குத் திரவம்) விடலாம். அதிகமானால் வழுக்கிக் கழன்றுவிடும். எண்ணெய், வாசலின் வேண்டவே வேண்டாம், உறையின் லேடெக்ஸ் ரப்பர் கிழியும்.

முதலில் தனியாக இருக்கும்போது இரண்டு மூன்று தடவை பழகுங்கள். அவசரத்தில் யாருக்கும் கை தடுமாறும். அடிவளையம் ஆழமாகத் தடம் பதித்தால் உறையின் அகலம் போதவில்லை, பெட்டியில் மி.மீ. கணக்கில் போட்டிருக்கும், அடுத்த அளவை வாங்குங்கள்.

விறைத்த நிலையில் தோல் பின்னால் வரவே மறுத்தால் வலிந்து இழுக்காதீர்கள். அப்படியே மேலே போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். பின்னால் போன தோல் திரும்பி வராமல் வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.