எந்தத் தாத்தாவின் நிலம்?

அன்புள்ள ஐயா,

வாழைப்பழம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது: "முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அரை நூற்றாண்டாக வெட்டிக்கொண்டு சாகும் மிண்டனாவோ தீவிலிருந்துதான் ஜப்பானியர்களின் சாப்பாட்டு மேஜைக்குப் பழம் போகிறது." தெற்குப் பிலிப்பைன்ஸில் இருக்கும் அந்த மிண்டனாவோவில்தான் நான் மூன்று வருடமாக இருக்கிறேன். டாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். உங்கள் வரியைப் படித்துவிட்டு அப்பா எனக்குப் போன் செய்தபோது இங்கே மணி இரவு பதினொன்று. "உடனே கிளம்பி வந்துவிடு" என்கிறார்.

நான் பார்க்கும் மிண்டனாவோ வேறு. வீட்டுக்கார அம்மா கத்தோலிக்கர், இலொங்கோ மொழி பேசுபவர். அவருடைய தாத்தா 1939ல் பனாய் தீவிலிருந்து கப்பலில் வந்து கொரோனடால் பள்ளத்தாக்கில் இறங்கினாராம். "இங்கே ஆளே கிடையாது, வெறும் புல்லும் காடும். தாத்தா வெட்டித் திருத்தினார்" என்பார். எங்கள் கட்டடத்துக் காவலாளி முஸ்லிம், கோட்டபாட்டோ பக்கத்து மகின்டனாவ் இனம். ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்த அம்மாவின் தாத்தா வந்திறங்கிய இடம் எங்கள் ஆட்களுடையது" என்றார். சந்தையில் மணிமாலை விற்கும் ஒரு பாட்டி இரண்டு பேருக்கும் சேர்ந்தவரில்லை. அவரை எல்லோரும் 'நேட்டிவ்' என்கிறார்கள். மூன்று பேரும் ஒருவரோடொருவர் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டம்மா சொல்வது உண்மையா, காவலாளி சொல்வது உண்மையா? இது மதச்சண்டைதானா? அப்பாவுக்கு நான் என்ன சொல்ல?

(என் பெயரைப் போட வேண்டாம். அப்பா உங்கள் தளத்தைத் தினமும் படிக்கிறார்.)

---

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த வரி. சோம்பேறித்தனத்தில் எழுதியது. வாழைப்பழத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன், நடுவில் ஒரு தீவையே ஒரு வரியில் முடித்துவிட்டேன். உங்கள் அப்பாவின் ரத்தக்கொதிப்புக்கு நான் பொறுப்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் மிண்டனாவோவுக்கு வந்ததில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்ததுதான். அங்கேயே இருக்கிற நீங்கள் தப்பைக் கண்டால் தயங்காமல் எழுதுங்கள்.

வீட்டம்மாவும் பொய் சொல்லவில்லை, காவலாளியும் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தா கப்பலிலிருந்து இறங்கியபோது அவர் கண்ணுக்கு ஆள் தெரிந்திருக்காது. மலைச்சரிவில் ஒரு துண்டைத் திருத்தி, ஒன்றிரண்டு போகம் எடுத்துவிட்டுச் சில வருடம் காடாகவே விட்டுவைத்து, மறுபடி வந்து விதைக்கும் விவசாயம் அது. விட்டுவைத்த வருடத்தில் வந்து பார்த்தால் காடுதான். யார் எந்தச் சரிவுக்கு உரியவர் என்பது ஊருக்குத் தெரியும். பேச்சிலும் உறவிலும் ஊர்த்தலைவரான டத்துவின் சொல்லிலும் அது இருந்தது. (மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான 'டத்தோ'வும் இந்த 'டத்து'வும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.) காகிதத்தில் மட்டும் இல்லை.

சண்டையின் வேர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஸ்பெயின் 300 வருடத்துக்கு மேல் பிலிப்பைன்ஸை ஆண்டது. ஆனால் மிண்டனாவோவின் பெரும்பகுதியும் சூலு தீவுகளும் அதன் கைக்குள் முழுசாக அடங்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சுல்தான் குதாரத் அவர்களுக்குத் தண்ணி காட்டினார். அங்கிருந்த முஸ்லிம்களுக்கு 'மோரோ' என்று பெயர் வைத்ததும் ஸ்பானியர்தான். தங்கள் நாட்டில் தாங்கள் சண்டைபோட்ட மூர் முஸ்லிம்களின் பெயரைத் தூக்கிவந்து, உலகத்தின் மறுகோடியில் இருந்தவர்களுக்கு ஒட்டினார்கள். வசைச்சொல்லாக வந்த அந்தப் பெயரைத்தான் பின்னாளில் போராளிகள் பெருமையோடு எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 1898ல் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் இந்தத் தீவுகளையும் சேர்த்து இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தன்னிடம் இல்லாத நிலத்துக்கும் கிரயம் வாங்கிக்கொண்டது.

அமெரிக்கர்கள் துப்பாக்கியோடும் வந்தார்கள். 1906ல் சூலுவின் புட் டாஹோ எரிமலை வாயில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் துப்பாக்கியைவிட நீண்ட காலம் வேலை செய்தவை அவர்கள் கொண்டுவந்த நிலச் சட்டங்கள். 1902ல் நிலப் பதிவுச் சட்டம். 1903ல், அரசின் அனுமதி இல்லாமல் சுல்தான்களும் டத்துக்களும் கொடுத்த நிலம் எதுவும் செல்லாது என்று ஒரு சட்டம். நம் தாலுகா ஆபீஸ் மொழியில் சொன்னால், ஒரு தீவையே புறம்போக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பட்டா வேண்டுமா, மனு போடு, சர்வே கட்டணம் கட்டு. காட்டுக்குள் இருந்தவனுக்கு இந்தச் சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் அதை மதிக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து உழும் நிலத்துக்கு எதற்கு மனு?

அதற்கப்புறம் வந்ததுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. 1919ன் சட்டப்படி கிறிஸ்தவக் குடியேறி ஒருவர் 24 ஹெக்டேர் வரை கேட்கலாம், கிறிஸ்தவரல்லாதவருக்கு 10. 1936ல் அதைத் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கு 16, அல்லாதவருக்கு 4. எண் குறைந்தாலும் விகிதத்தில் இடைவெளி விரிகிறது. சொந்த மண்ணில் இருப்பவனுக்கு நாலு, கப்பலில் வருபவனுக்குப் பதினாறு. இது மதச்சண்டையா என்று கேட்டீர்கள். மதம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அது மசூதியிலிருந்தோ தேவாலயத்திலிருந்தோ மட்டும் வந்ததில்லை. நிலப் பதிவேட்டில் ஒரு கட்டமாகவே அதை அச்சடித்து வைத்திருந்தார்கள்.

இதற்காக உங்கள் வீட்டம்மாவின் தாத்தாவை வில்லனாக்கிவிட வேண்டாம். லூசோனிலும் விசயாஸ் தீவுகளிலும் நிலமெல்லாம் பண்ணையார்களின் கையில். குத்தகைக்காரன் கடனிலேயே பிறந்து கடனிலேயே சாவான். அவன் கலகம் செய்யக்கூடும் என்ற பயம் மணிலாவுக்கு இருந்தது. பண்ணையாரைத் தொட மனமில்லை, தெற்கே 'காலி' நிலம் கிடக்கிறது, அனுப்பு அங்கே. 1939ல் தேசிய நிலக் குடியேற்ற அமைப்பின் முதல் கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஜெனரல் பவுலினோ சாந்தோஸ் கொரோனடால் பக்கம் வந்தார். இன்று சூறை மீனுக்குப் பேர்போன ஜெனரல் சாந்தோஸ் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஐம்பதுகளில், சரணடைந்த ஹுக் கம்யூனிஸ்டுகளையே ராணுவம் மிண்டனாவோவுக்குக் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. நிலம் கேட்டுப் போராடியவனுக்கு, பண்ணையாரிடமிருந்து ஒரு முழம்கூட எடுக்காமல், இன்னொரு ஏழையின் நிலத்தைக் கொடுத்தார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் என் வாழைப்பழமும் அன்னாசியும். கம்பெனிகள் 1,024 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொன்னது. அரசு நிறுவனமே நிலத்தை எடுத்துக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. சட்டமும் தோற்கவில்லை, கம்பெனியும் தோற்கவில்லை.

ஆக, 1903ல் தீவில் பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்கள் இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஆரம்பத்தில் வந்தவர்களைப் பல டத்துக்கள் வரவேற்கவே செய்தார்கள். எண்ணிக்கை கூடி, தேர்தலில் மேயர் பதவியே கைமாறத் தொடங்கியபோதுதான் உரசல் கத்தியானது. 1968ல் மலேசியாவின் சபா மீது ரகசியப் படையெடுப்புக்கென்று பயிற்சி கொடுத்துவந்த முஸ்லிம் இளைஞர்களை கொரெஹிடோர் தீவில் ராணுவமே சுட்டுக்கொன்றது தெரியவந்தது. 'இலாகா', அதாவது எலி, என்று பெயர் வைத்துக்கொண்ட கிறிஸ்தவக் கும்பல்களும் முஸ்லிம் ஆயுதக் குழுக்களும் கோட்டபாட்டோவில் மாறிமாறி ஊர்களைக் கொளுத்தின. 1971 ஜூனில் மனிலி என்ற ஊரில் மசூதிக்குள் வைத்தே கொன்றார்கள். உங்கள் காவலாளியின் குடும்பம் எந்த வருடம் ஊரைவிட்டுக் கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 1971 என்று அவர் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஓடியவர்கள் திரும்பி வந்தபோது நிலத்தில் வேறு ஆள் இருந்தார், அவர் கையில் பத்திரமும் இருந்தது.

1972ல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த நூர் மிசுவாரியின் மோரோ தேசிய விடுதலை முன்னணி முழுப்போரில் இறங்கியது. 1976ல் திரிபோலி ஒப்பந்தம், மிசுவாரியின் முன்னணியிலிருந்து பிரிந்துபோன மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி, 1996ல் ஓர் ஒப்பந்தம், 2014ல் இன்னொன்று, 2019 வாக்கெடுப்புக்குப் பிறகு பாங்சமோரோ தன்னாட்சிப் பகுதி. சூலு மாகாணம் அந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்றது, ஆனாலும் சேர்த்தார்கள். 2024ல் உச்ச நீதிமன்றம் அதை வெளியே எடுத்துவிட்டது. இந்த ஒப்பந்தங்களின் பட்டியல் கூகுளில் கிடைக்கும், அதை நான் நீட்டவில்லை.

பட்டியலில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். மணிலா கெட்டது, மோரோ நல்லது என்று கதையை முடித்துக்கொள்ள முடியாது. சட்டத்தைச் சீக்கிரம் புரிந்துகொண்ட சில டத்துக்கள், ஊர்ப் பொதுவில் இருந்ததைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். 'ரீடோ' என்று கோட்டபாட்டோக்காரர்களைக் கேட்டால் தெரியும், குடும்பங்களுக்கு இடையே தலைமுறை தாண்டும் பழிவாங்கல். 1930களிலிருந்து 2005 வரை 1,266 ரீடோக்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். செத்தவர்கள் 5,500 பேருக்கு மேல். நிலத்தகராறும் தேர்தலும் அவற்றின் முக்கியக் காரணங்கள். 2009 நவம்பர் 23ல் மகின்டனாவ் மாகாணத்தில் வேட்புமனு கொடுக்கப் போன ஊர்வலத்தை வழிமறித்து 58 பேரைக் கொன்றார்களே, அதில் 32 பேர் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்கள், அங்கே மோதிய இரண்டு அரசியல் குடும்பங்களுமே முஸ்லிம்கள். மதச்சண்டை என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இது கண்ணிலேயே படாது.

சந்தைப் பாட்டிக்கு வருகிறேன். அவர் லுமாட்டாக இருக்கலாம். விசயா மொழியில் 'இந்த மண்ணில் பிறந்தவர்' என்று பொருள். மனோபோ, பகோபோ, பிலான், திபோலி, தெடுரை என்று பல இனங்களுக்கு அது பொதுப்பெயர். இந்தக் கூட்டுப்பெயர் அரசியலில் நிலைபெற்றதே 1986ல்தான். முஸ்லிமும் இல்லை, குடியேறியும் இல்லை, பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலியும் இல்லை. 1975ல் மார்கோஸின் ஓர் ஆணை, 18 சதவீதத்துக்கு மேல் சரிவான நிலமெல்லாம் அரசுக் காடு என்றது. சமவெளியிலிருந்து மேலே மேலே தள்ளப்பட்டவர்கள், கடைசியில் நின்ற மலையிலும் ஆக்கிரமிப்பாளர்களானார்கள். 1997ல் பூர்வகுடி உரிமைச் சட்டம் வந்து மூதாதையர் நிலத்துக்குப் பட்டா கொடுக்க வழி செய்தது. ஆனால் அதே மலைக்குச் சுரங்கக் கம்பெனி, கம்யூனிஸ்ட் கெரில்லா, ராணுவம் மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

மகின்டனாவ்களும் தெடுரைகளும் சொல்லும் ஒரு கதை உண்டு. தபுனாவாய், மமாலு என்று இரண்டு சகோதரர்கள். ஷரீஃப் கபுங்சுவான் இஸ்லாத்தோடு வந்தபோது தபுனாவாய் ஏற்றுக்கொண்டு ஆற்றங்கரையில் இருந்துவிட்டான். மமாலு, நான் பழையபடியே இருக்கிறேன் என்று மலையேறிவிட்டான். சண்டை இல்லை, உறவு விட்டுப்போகக்கூடாது என்று பேசிக்கொண்டு பிரிந்தார்கள். தன்னாட்சி வந்தபிறகு இந்தக் கதையை இரண்டு பக்கமும் எடுத்துப் பேசுகிறார்கள். நாம் அண்ணன் தம்பி, ஒரே வீட்டில் இருப்போம் என்கிறது ஒரு பக்கம். அண்ணன் தம்பிதான், அதனால் என் வரப்பைத் தாண்டாதே என்கிறது மறுபக்கம். பாகப்பிரிவினை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும்.

மராவி நகரத்தைப் பற்றி அப்பா கட்டாயம் கேட்பார். 2017 மே 23ல் தொடங்கி ஐந்து மாதம் நடந்த போர், ஐ.எஸ். கொடி பிடித்தவர்கள் ஒரு நகரத்தையே கைப்பற்றியது. அதில் மதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே நகரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் கிறிஸ்தவத் தொழிலாளிகளைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்து, பெண்களுக்கு முக்காடு கொடுத்து வெளியே கூட்டிவந்தார்கள். போர் முடிந்தபிறகு என்ன ஆயிற்று? இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம் என்று வந்தவர்களிடம் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். நகரத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை ராணுவ ஒதுக்கீடு என்று அறிவித்த 1953ன் ஒரு பழைய ஆணை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஐ.எஸ்.ஸில் தொடங்கியது பட்டாவில் வந்து நின்றது.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வது? தீவு 97,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், இலங்கையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது என்று சொல்லுங்கள். கோட்டபாட்டோவில் நடப்பதை வைத்து டாவோவை எடைபோட முடியாது. ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள், 2016 செப்டம்பரில் டாவோவின் இரவுச் சந்தையிலேயே குண்டு வெடித்தது. தூதரகம் எச்சரிக்கும் இடங்களுக்குப் போகாமல் படிப்பைப் பாருங்கள். கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன், அப்பாவைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஓர் உதவி. வீட்டம்மாவிடம் தாத்தாவின் பழைய பத்திரம் இன்னும் இருந்தால், அதில் எத்தனை ஹெக்டேர் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்துச் சொல்லுங்கள். படம் வேண்டாம், எண் போதும். காவலாளியிடம் நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.