ஸ்க்ரோல் டெஸ்ட் சொதப்புகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆண்ட்ராய்டு ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் எஸ்பிரெஸ்ஸோவில், தேடும் இடம்வரை திரையைத் தள்ளும் ஸ்க்ரோல்டு (scrollTo) கட்டளை கொடுத்தும் பட்டியலின் 40-வது வரிசை கிடைக்காமல் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. கையால் தள்ளிப் பார்த்தால் வரிசை இருக்கிறதே?

பதில்: உங்கள் பட்டியல் ரீசைக்ளர்வியூவாக (நீளமான பட்டியல்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு கருவி) இருக்க வேண்டும். அது திரைக்குத் தேவையான சில வரிசைகளை மட்டும் உருவாக்கிக்கொண்டு, மேலே நழுவிப் போனவற்றையே புதுத் தகவலோடு கீழே திரும்பக் காட்டும். 40-வது வரிசை திரைக்குப் பக்கத்தில் வரும்வரை அப்படி ஒரு வியூவே (திரையில் வரையப்படும் உறுப்பு) கிடையாது. இல்லாததை எஸ்பிரெஸ்ஸோ எங்கே போய்த் தேடும்? நீங்கள் கொடுத்தது ஸ்க்ரோல்வியூ மாதிரி, எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் இடங்களுக்கானது. எஸ்பிரெஸ்ஸோ கான்ட்ரிப் என்ற துணை லைப்ரரியைச் சேர்த்து, ரீசைக்ளர்வியூஆக்‌ஷன்ஸில் இருக்கும் ஸ்க்ரோல்டுவைப் பட்டியலின் மீதே இயக்குங்கள். வரிசை எண்ணைக் கொடுத்தும் போகலாம்தான். ஆனால் நாளைக்கே யாராவது நடுவில் ஒரு விளம்பரத்தைச் செருகினால் எண் மாறிவிடும். வரிசையில் உள்ள எழுத்தை வைத்துத் தேடுவதே என் கட்சி. ஆண்ட்ராய்டில் திரைகளை அமைக்கும் புது முறையான கம்போஸில், லேசிகாலம் என்ற பட்டியலிலும் இதே கதைதான். அங்கே பெர்ஃபார்ம்ஸ்க்ரோல்டுநோட் (performScrollToNode) பயன்படுத்துங்கள்.

கேள்வி: அப்பியம் (Appium) என்ற ஆப் சோதனைக் கருவியில் ஸ்வைப் செய்தால் சில நேரம் தேடுவதைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஒருமுறை ஆப்பே மூடிக்கொண்டது!

பதில்: வேகமாக இழுத்துவிட்டால் ஆண்ட்ராய்டு அதை ஃப்ளிங் என்று எடுத்துக்கொள்ளும், விரலை எடுத்த பிறகும் பட்டியல் ஓடும். இழுக்கும் நேரத்தை 200 மில்லிசெகண்டில் வைத்திருந்தால் 800, 1000 என்று கூட்டுங்கள். விரலைத் தூக்குமுன் சின்ன பாஸ் ஒன்று வையுங்கள், நின்றுவிடும். ஆப் மூடியது வேறு சங்கதி: ஸ்வைப்பைத் திரையின் அடி விளிம்பிலிருந்து தொடங்கியிருப்பீர்கள், போன் அதை ஹோமுக்குப் போகும் சைகையாக எடுத்துக்கொண்டிருக்கும். திரை உயரத்தில் மேலிருந்து 70 சதவீதத்திலிருந்து 30-க்கு இழுத்தால் போதும்.

கேள்வி: முடிவே இல்லாத ஃபீடில் எங்கே நிறுத்துவது?

பதில்: உச்சவரம்பு வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்க்ரோல் செய்து தேடித்தரும் யூஐஸ்க்ரோலபிள்கூட (UiScrollable) வேறு எண் தராவிட்டால் 30 ஸ்வைப்போடு தேடலைக் கைவிட்டுவிடும். அதைவிட, நிஜ சர்வரை விட்டுவிட்டு நிலையான டெஸ்ட் டேட்டாவைக் கொடுங்கள். தினமும் மாறும் ஃபீடை வைத்து ஸ்க்ரோலைச் சோதிப்பது வீண் வேலை.

கேள்வி: ஐபோன் டெஸ்டில் உறுப்பு இருக்கிறதா என்று சொல்லும் எக்ஸிஸ்ட்ஸ் (exists) ட்ரூ என்கிறது, பட்டனோ திரையில் இல்லை.

பதில்: எக்ஸிஸ்ட்ஸ் ட்ரூ என்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தமில்லை. அதைத் தொட முடியுமா என்று சொல்லும் இஸ்ஹிட்டபிளைப் (isHittable) பாருங்கள்; ஃபால்ஸ் என்றால் ஸ்வைப்அப் கொடுத்து மறுபடி பாருங்கள். இப்படி ஸ்வைப் செய்வதற்கும் ஒரு வரம்பு வையுங்கள், சரியா?