ஆன்டிபாடி எண் ஏறினால் நோயும் ஏறுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹாஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) என்று சொல்லி, தினமும் காலையில் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை கொடுத்தார்கள். அப்போது ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி) ‘600க்கு மேல்’ என்று வந்தது. சென்ற ஆண்டு 480. இந்த மாதம் வேறொரு பரிசோதனைக்கூடத்தில் எடுத்தபோது 1,150 என்று வந்துவிட்டது. டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) 2.4 தான். முடி உதிர்வுக்காக நான்கு மாதங்களாக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். நோய் முற்றுகிறதா? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? (வாசகி, கரூர்)

பதில்: ஆன்டிபாடி எண்ணுக்காக மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ‘600க்கு மேல்’ என்பது உங்கள் இரத்தத்தின் அளவன்று, அந்த இயந்திரம் அளக்கக்கூடிய எல்லை. உண்மையான அளவு அன்றைக்கே 2,000 ஆகவும் இருந்திருக்கலாம். ஒரு கூடத்தில் 34 வரை இயல்பு என்பார்கள், மற்றொன்றில் 60 வரை என்பார்கள். அறிக்கையில் எண்ணுக்கு அருகிலேயே அச்சிட்டிருக்கும் அந்த இயல்பு அளவைப் பாருங்கள். இரண்டு கூடங்களுக்கும் வேறுவேறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பயோட்டினை நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முடிக்காக விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம் இருக்கும். அந்த அளவு, சில இயந்திரங்களில் ஆன்டிபாடியைப் பொய்யாகக் கூட்டியும் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் காட்டிவிடும். ஆகவே உங்கள் 2.4ஐயும் நான் முழுதாக நம்பமாட்டேன். பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு, டி.எஸ்.எச்.சை மட்டும் மறுபடி எடுங்கள்.

பொதுவாக இந்த ஆன்டிபாடி, தைராக்சின் எடுத்துக்கொள்பவர்களிடம் ஆண்டுக் கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். 38 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் சராசரியாக 8 சதவீதமும், ஓர் ஆண்டில் 45 சதவீதமும், ஐந்து ஆண்டுகளில் 70 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் இயல்பு அளவுக்கு வந்தவர்கள் ஆறே பேர்தான். இடையில் ஏறி இறங்குவதும் உண்டு. சுரப்பியைச் சிதைப்பதில் பெரும்பங்கு அதனுள் புகுந்த வெள்ளணுக்களுடையது. இரத்தத்தில் நாம் அளக்கும் ஆன்டிபாடி அந்தச் சண்டை நடப்பதற்கான அடையாளம் மட்டுமே என்பதால், எண் பாதியானது என்பதற்காகச் சுரப்பி பாதி குணமாகிவிட்டது என்று கொள்ள முடியாது.

இந்தப் பரிசோதனையை ஒருமுறை எடுப்பது மிகவும் உதவும். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் நடந்த கண்காணிப்பில், டி.எஸ்.எச்.சும் ஆன்டிபாடியும் சேர்ந்து உயர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு முழுமையாக வந்தது. ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் 2.1 சதவீதம். குறைபாடு வருமா என்று ஊகிக்கத்தான் அந்த எண். உங்களுக்கு அது வந்து, சிகிச்சையும் நடக்கிறது. எனவே ‘முழு தைராய்டு பேக்கேஜ்’ என்று ஆண்டுதோறும் விற்கப்படுவதில் இந்த ஒரு வரிக்காகப் பணம் கட்டாதீர்கள். செலினியம் என்ற தாதுச்சத்தைச் சாப்பிட்டால் எண் குறையும் என்பது ஓரளவு உண்மைதான்; ஆனால் அதனால் உடம்புக்குத் தெளிவான பலன் கிடைத்ததாக இதுவரை தெரியவில்லை.

கேள்வி: என் மகளுக்கு கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். சுரப்பி செயலிழந்து இப்போது தைராக்சினில் இருக்கிறாள். மூன்று மாதக் கர்ப்பம். மகப்பேறு மருத்துவர் ஆன்டிபாடி பரிசோதனை கேட்கிறார். இல்லாத நோய்க்கு எதற்கு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மேலே சொன்னதற்கு இது விலக்கு, கட்டாயம் எடுங்கள். இது வேறு ஆன்டிபாடி, சுரப்பியைத் தூண்டக்கூடியது. அறுவை செய்தாலோ மாத்திரை கொடுத்தாலோ படிப்படியாக இறங்கும் இது, கதிரியக்க அயோடினுக்குப் பிறகு மட்டும் முதலில் பல மாதங்கள் உயர்ந்து, பின்னர்தான் ஆண்டுக் கணக்கில் குறையும். தாயிடம் தூண்டுவதற்குச் சுரப்பி இல்லாவிட்டாலும், அது நஞ்சுக்கொடி வழியாகச் சென்று சிசுவின் சுரப்பியைத் தூண்டக்கூடும். இப்போது உயர்ந்திருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள். இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தால் சிசுவின் இதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் ஸ்கேனில் கூர்ந்து கவனிப்பார்கள். அயோடின் சிகிச்சையின் போது கொடுத்த விவரச் சீட்டையும் பழைய அறிக்கைகளையும் அடுத்த முறை கையோடு எடுத்துச் செல்லுங்கள்.