மின்னோட்டமா, அலையா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூமியின் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி மேலும் கீழும் ஓடும் மின்னோட்டங்களைத் துருவ ஒளிப் பகுதியில் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். செயற்கைக்கோள் ஓர் இடத்தை ஒரே முறை, கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. அது கண்டது நிலையான மின்னோட்டமா, கடந்துபோகும் அலையா என்று எப்படிச் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

இந்தத் துறையின் ஆதாரமான கேள்வி இது. ஒருமுறை அதற்குத் தவறான விடையும் சொல்லப்பட்டிருக்கிறது. நார்வேயின் கிறிஸ்டியன் பிர்கெலாந்து 1908இல் இம்மின்னோட்டங்களை முன்மொழிந்தபோது அவற்றை விண்ணில் அளக்க வழியில்லை. பிறகு, 1100 கி.மீ. உயரத்தில் பறந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று துருவ ஒளிப் பகுதியில் காந்தப்புலம் பக்கவாட்டில் விலகுவதைப் பதிவு செய்தது. 1966இல் அதை வெளியிட்ட ஸ்முடாவும் சகாக்களும் அலை என்றே கொண்டார்கள். மறு ஆண்டு கம்மிங்ஸும் டெஸ்லரும் அது மின்னோட்டம் என்று விளக்கினார்கள். அகன்ற, பெரிய மின்னோட்டங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே சரி.

சிறியவற்றில்தான் உங்கள் ஐயம் மீண்டும் உயிர்பெறுகிறது. ஒரு கி.மீ. தடிமனில் திரைபோலத் தொங்கும் மின்னோட்டம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். 2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகத்தில் செல்கின்றன, காந்தமானி நொடிக்கு 50 முறை அளக்கிறது. அந்தத் திரைக்கு ஆறேழு அளவீடுகளே கிடைக்கும். சதுர மீட்டருக்கு 100 மைக்ரோ ஆம்பியர் ஓடினால், அந்த ஆறேழு புள்ளிகளுக்குள் காந்தப்புலம் சுமார் 125 நானோடெஸ்லா மாறிவிடும். பெரிய மின்னோட்டங்களின் அடர்த்தி பெரும்பாலும் சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. ஆகவே சிறியவை என்றதும் வலுவற்றவை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஸ்வார்மின் இரண்டு செயற்கைக்கோள்கள் அருகருகே, சில நொடி முன்பின்னாகப் பறப்பதால் இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட முடிகிறது. 150 கி.மீ.க்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரு நிமிடத்துக்கும் மேலாக மாறாமல் நிற்கின்றன, பத்து கி.மீ. வரையிலானவை பத்து நொடிக்குள் உருமாறிவிடுகின்றன. மின்புலத்துக்கும் காந்தப்புல மாற்றத்துக்கும் உள்ள விகிதம் இன்னொரு சோதனை: அது ஆல்வேன் அலையின் (காந்தக் கோடுகள் மீட்டிய கம்பிபோல் அதிர, அவற்றை ஒட்டிப் பரவும் அலை) வேகத்தை ஒட்டியிருந்தால் அலை, அயனி மண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் கொண்ட மேல் வளிமண்டல அடுக்கு) மின்கடத்துதிறனுக்குப் பொருந்தினால் நிலையான மின்னோட்டம்.

ஆனால் அலை என்றால் மின்னோட்டம் இல்லை என்று பொருளல்ல. ஆல்வேன் அலையே காந்தக் கோட்டை ஒட்டி மின்னோட்டத்தைச் சுமந்து வருகிறது, எலெக்ட்ரான்களையும் முடுக்குகிறது. ஒற்றைச் செயற்கைக்கோளின் தரவிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடும்போது, திரை அசையாமல் நின்றது என்ற அனுமானம் உள்ளே ஒளிந்திருக்கிறது, பத்து கி.மீ.க்குக் கீழே அந்த எண்ணை நான் அப்படியே ஏற்பதில்லை.